ருஷ்யா போகும் தம்பி தங்கைகளுக்கு

பாளையங்கோட்டையில் ப்ளஸ் டூ முடித்து ருஷ்யப் பக்கம் மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகள் கம்பளிச் சட்டை, இட்லிப்பொடி, ஊறுகாய் எதையும் மறப்பதில்லை. ஓரினச் சேர்க்கையாளர்களை அந்த ஊர்ச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று மட்டும் நாம சொல்லி அனுப்புவதில்லை. நமக்குக் கூச்சம்!

புரட்சிக்குப் பின் 1922-இல் வந்த ருஷ்யக் குற்றவியல் சட்டத்தில் ஆண்களுக்கிடையேயான உறவு குற்றமாக இல்லை. 1934-இல் ஸ்டாலின் ஆட்சி அதைக் குற்றமாக்கியது. ஐந்தாண்டு வரை சிறை. 1993-இல்தான் நீக்கினார்கள்.

நம்ம கதை என்ன? வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய 377-ஆம் பிரிவைச் சுதந்திரத்துக்குப் பிறகும் 71 வருஷம் சுமந்தோம். 2018 செப்டம்பர் 6-இல், வயது வந்தோர் மனமொத்த உறவு குற்றமல்ல என்றது உச்ச நீதிமன்றம். 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இவர்களை 'மாற்றுகிறோம்' என்கிற சிகிச்சைக்குத் தடை விதித்தார். அதற்கு முன், தமக்கே இது புரியவில்லை என்று ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

ருஷ்யாவோ எதிர்த்திசையில் நடந்தது. 2013-இல் சிறுவரிடையே 'பிரசாரம்' கூடாதென்று சட்டம். 2022-இல் அது எல்லா வயதினருக்கும். 2023 நவம்பரில் அந்த இயக்கமே 'தீவிரவாதம்' என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே! அங்கே ஹாஸ்டலில் நம்ம ஊர்ப் பிள்ளை ஒருத்தர் ஒரு ராத்திரி மனசைத் திறந்து சொன்னால், விளையாட்டுக்குக்கூட வெளியே விட்டுடாதீங்க. இங்கே அது கேலியோடு போகும், அங்கே வழக்காகலாம். நீதிபதியே பாடம் கேட்டார், நாமும் கேட்டுக்கொள்வோம்.