வாதி கூண்டில் நின்ற கதை

மானநஷ்ட வழக்கு வெல்வதற்கு எளியது என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. பழிச்சொல் அச்சில் இருக்கிறது. எழுதியவர் பெயரும் இருக்கிறது. இங்கிலாந்துச் சட்டமோ, எழுதியது உண்மை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் பிரதிவாதியின் தலையிலேயே சுமத்துகிறது. வாதிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வ.உ.சி.யும் பாரதியும் தலைவராக ஏற்ற பாலகங்காதர திலகரின் அனுபவம் வேறுவிதமானது. லண்டன் 'டைம்ஸ்' இதழாளர் வாலன்டைன் சிரோல் 1910இல் இந்தியக் கிளர்ச்சி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1897இல் புனேயில் ராண்டும் 1909இல் நாசிக்கில் ஜாக்சனும் கொல்லப்பட்டதற்குத் திலகரின் எழுத்தே தூண்டுதல் என்பது அதில் அவர் சுமத்திய பழி. அக்கொலைகளுக்காகத் திலகர்மீது வழக்கு எதுவும் தொடரப்பட்டதில்லை. ஜாக்சன் கொலையுண்டபோது அவர் மாண்டலேச் சிறையில் இருந்தார். வழக்கு வலுவானதாகவே தோன்றியது. அதற்காக, 1918ஆம் ஆண்டு காங்கிரஸ் தலைமைப் பதவி தேடி வந்தும் மறுத்துவிட்டு லண்டன் சென்றார்.

1919 ஜனவரி இறுதியில் நீதிபதி டார்லிங் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. சிரோலுக்காக வாதாடியவர் எட்வர்ட் கார்சன். கொலையில் திலகருக்குக் கை உண்டு என்று நிறுவ அவர் முயலவேயில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. 'கேசரி'யின் பழைய கட்டுரைகளை மொழிபெயர்ப்பில் வாசித்தார். 1897, 1908 ஆண்டுகளின் ராஜதுரோகத் தண்டனைகளை நினைவூட்டினார். நற்பெயருக்குக் காப்புக் கேட்டு வந்தவரின் வாழ்வு முழுவதும் விசாரணைக்கு உள்ளாயிற்று. போர் ஓய்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன, ஜூரிகளோ ஆங்கிலேயர். பிப்ரவரியில் சிரோலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வழக்குச் செலவும் திலகர்மீதே விழுந்தது. அதை ஈடுகட்ட இந்தியாவில் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு பிரதிவாதியுடையது என்ற விதி என்னவாயிற்று? ஐந்தாண்டு கழித்து அதே லண்டனில் விடை கிடைத்தது. சென்னை உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி சங்கரன் நாயர், பஞ்சாப் கொடுமைகளுக்கு மைக்கேல் ஓட்வயரைப் பொறுப்பாக்கி 1922இல் எழுதியிருந்தார். ஓட்வயர் வழக்குத் தொடர்ந்தார். இம்முறை பிரதிவாதி இந்தியர். விதி முழுக் கடுமையுடன் நின்றது. விசாரணை ஐந்து வாரம் நீடித்தது. ஜூரிகள் பன்னிருவரில் பதினொருவர் ஓட்வயர் பக்கம் நின்றனர். மாறுபட்டவர் ஹெரால்ட் லாஸ்கி ஒருவரே. நாயர் 500 பவுன் இழப்பீடும் வழக்குச் செலவும் செலுத்த நேர்ந்தது.

சிரோலுக்கு இலகுவாகிவிட்ட அதே சுமையை நாயரால் இறக்கி வைக்க இயலவில்லை. சட்டநூலில் விதி ஒன்றுதான். ஆனால், எது மெய்ப்பிக்கப்பட்டது என்று முடிவு செய்வது சட்டநூல் அன்று. எதிரே அமர்ந்திருக்கும் பன்னிருவர். மானத்தின் மதிப்பை அவர்கள் தம் ஊர்த் தராசில்தான் நிறுத்தார்கள்.

திலகர் தோற்றது லண்டனில் மட்டுமே. தம் மக்களிடம் அவர் பெயருக்கு அத்தீர்ப்பால் ஒரு குறைவும் வரவில்லை. அங்கே இழக்காத ஒன்றை மீட்கவா அவர் அத்தனை தூரம் கடல் கடந்தார் என்ற கேள்வி மட்டும் எனக்கு எஞ்சுகிறது.