தில்லி அலுவலகங்களின் பகுதி நேரக் கூலி

தில்லியில் மத்திய அரசு வேலை என்றால் குவார்ட்டர்ஸ், பென்ஷன் என்றுதான் நம் நினைவு ஓடும். அதே கட்டடங்களில் பெருக்கித் துடைக்கவும், கோடையில் கூலருக்குத் தண்ணீர் நிரப்பவும், செடிகொடிகளைப் பார்த்துக்கொள்ளவும் நாள் கூலிக்கோ பகுதி நேரத்துக்கோ ஆள் வைப்பது பழைய வழக்கம். வருபவருக்கு வேறு பிழைப்பு இருக்கும், இது மேல் வரும்படி என்ற அனுமானத்தில்தான் இத்தகைய ஏற்பாடுகள் நின்றன. சில இடங்களில் அது பொருந்தவும் செய்தது. வானொலியின் தற்காலிக அறிவிப்பாளருக்கு மாதம் 6 அழைப்புதான் வரம்பு. வேறு வேலை உள்ளவருக்கு அது கைச்செலவுக்கு ஆகும். துடைப்பம் பிடித்தவருக்கோ பெரும்பாலும் அதுதான் குடும்ப வருமானம்.

விதிகள் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை, மணிக்கணக்கை மட்டும் பார்த்தன. 1988 ஜூன் 7 உத்தரவு, நிரந்தர ஊழியரின் வேலையையே செய்யும் தினக்கூலிக்கு, அந்தப் பதவியின் குறைந்தபட்சச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 30இல் ஒரு பங்கை நாள் கூலியாக்கியது. 1993 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திட்டம், ஓராண்டில் 240 நாள் (வாரம் 5 நாள் அலுவலகமானால் 206 நாள்) வேலை செய்தவருக்குத் தற்காலிகத் தகுதி கொடுத்தது. பகுதி நேரக்காரர்களுக்கு இது பொருந்தாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எட்டு மணி நேரம் என்று பதிவேட்டில் எழுதினால் உரிமை பிறந்தது, நான்கு என்றால் பிறக்கவில்லை. ஆள் எடுக்கும் அதிகாரிக்கு எது வசதி?

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருப்பவனும் தேர்வெழுதியவனும் நிற்க, பின்வாசலில் நுழைந்தவரை நிரந்தரமாக்குவது நியாயமா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். 2006 ஏப்ரல் 10 அன்று உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அந்தப் பக்கமே நின்றது. ஆனால் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில், தகுதியோடு, நீதிமன்ற உத்தரவின் துணையில்லாமல் 10 ஆண்டு உழைத்தவர்களை ஒருமுறை மட்டும் முறைப்படுத்தச் சொன்னதும் அதே தீர்ப்பு. அலுவலகங்கள் முன்பாதியைப் பிடித்துக்கொண்டன, பின்பாதியை வசதியாக மறந்தன. தவிர, பின்வாசலைத் திறந்து வைத்தது யார்? துடைக்க வந்தவர் அல்ல. தினமும் தேவைப்படும் வேலைக்குப் பணியிடம் உருவாக்காமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டிய அலுவலகம்தான்.

மத்திய நீர் ஆணைய வழக்கு இதற்குச் சாட்சி. 1990களில் துப்புரவுக்கும் பிற பணிகளுக்கும் பகுதி நேரமாக எடுக்கப்பட்டவர்கள் 2018 அக்டோபர் 27 அன்று மொத்தமாக நிறுத்தப்பட்டார்கள். வேலை தனியார் ஏஜென்சிக்குப் போனது. வேலை இல்லாமலாகவில்லை, ஆள்தான் மாறினார். தில்லி உயர் நீதிமன்றத்தில் தோற்ற அவர்களை மீண்டும் சேர்த்துப் பணிவரன்முறை செய்ய 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

மேல் வரும்படிக்காக அரசு அலுவலகத்தில் பகுதி நேர வேலைக்குப் போகிறவர்கள், நியமன உத்தரவில் எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டு, வருகைப் பதிவின் நகலையும் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.