சாஹா நிறுவனத்தின் பிளாஸ்மா ஆய்வுகள்

கொல்கத்தா விதான்நகரில் உள்ள சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனம், இந்தியாவில் காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை அடைத்துவைத்து ஆராய்ந்த முன்னோடி ஆய்வகங்களுள் ஒன்று. இதை உருவாக்கியவர் இயற்பியலாளர் மேகநாத் சாஹா (1893–1956). 1950 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியலாளர் ஐரீன் ஜோலியோ-கியூரி இதைத் திறந்துவைத்தார்.

ஒரு வாயுவின் வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால், அதில் எத்தனை பங்கு அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனியாகியிருக்கும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை சாஹா 1920இல் வெளியிட்டார். சூரியனின் நிறமண்டலத்தில் வெகு உயரத்திலும் அயனியான கால்சியத்தின் நிறமாலைக் கோடுகள் தெரிவது ஏன் என்பதற்கு அதில் விடை கிடைத்தது: அழுத்தம் குறையும்போது அயனியாதல் கூடுகிறது.

இவ்வாறு அயனியான வாயுவே பிளாஸ்மா. அதை வளைய வடிவக் கலனில் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் கருவி டோக்காமாக். ஜப்பானின் தோஷிபா நிறுவனம் செய்த டோக்காமாக் சாஹா நிறுவனத்தில் 1987இல் இயங்கத் தொடங்கியது. குஜராத்தில் ஆதித்யா டோக்காமாக் வந்தது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். கொல்கத்தாக் கருவியில் வளையக் கலனின் பெரிய ஆரம் 30 செ.மீ., பிளாஸ்மாவின் சிறிய ஆரம் 7.5 செ.மீ. இவ்வளவு சிறிய கருவியில் அணுக்கரு இணைவு ஆற்றல் கிடைக்காது. அதற்காக இது வாங்கப்படவும் இல்லை. காந்தப்புலக் கோடு வளையத்தின் குறுக்கே ஒருமுறை சுற்றிவருவதற்குள் நெடுக்கே எத்தனை முறை சுற்றுகிறது என்பதைப் பாதுகாப்புக் காரணி என்பர். பெரிய டோக்காமாக்குகளில் விளிம்பில் இது 2க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். இறங்கினால் பிளாஸ்மாவில் ஓடும் மின்னோட்டத் தூண் முறுக்கிக்கொண்டு, பிளாஸ்மா சில மில்லி நொடிகளில் சுவரில் மோதி அணைந்துவிடும். பெருங்கருவிக்கு அது பெருஞ்சேதம். கொல்கத்தா ஆய்வாளர்கள் துணிந்து இறங்கியது அந்த எல்லைக்குள்தான். கருவி சிறியதாக இருந்ததே இங்கு வசதியாயிற்று.

இதே முறுக்கு நிலைகுலைவு விண்வெளிக்கும் பொருந்தும். சூரிய ஒளிவட்டத்தில் எழும் காந்த வளையங்கள் அளவுக்கு மீறி முறுக்கேறும்போது சூரியத் தீப்பிழம்புகள் வெடிக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. ஆனால் ஒளிவட்ட வளையத்தின் நீளம் பல்லாயிரம் கிலோமீட்டர். ஆய்வகம் அதை அப்படியே படியெடுப்பதில்லை, ஒரே விதி இரண்டு இடத்திலும் எப்படி வேலை செய்கிறது என்று மட்டுமே காட்டும்.

நிறுவனத்தின் மேப்பிள் என்னும் நேர்கோட்டுக் கருவி வேறு வகை. நீண்ட உருளைக்குள் நேரான காந்தப்புலம். அடர்த்தி ஓரிடத்தில் மிகுந்து அருகில் குறையும்போது எழும் நகர்வு அலைகளை அதில் நிதானமாக அளக்கலாம். டோக்காமாக்கின் விளிம்பிலிருந்து வெப்பமும் துகள்களும் கசிந்து வெளியேறுவதில் இந்த அலைகளுக்குப் பெரும் பங்குண்டு.