சேர்வராயன் மலையின் அடுப்புகள்

மார்கழி மாதத்தில் ஏற்காட்டில் தங்கியிருப்பவர்கள், பொழுது விடிந்து வெகுநேரம் சென்ற பின்னும், குடியிருப்புகளின் அடுப்புப் புகை மேலே எழும்பாமல் காப்பித் தோட்டங்களின் மீது தாழ்ந்து படர்ந்து நிற்பதைக் காணலாம். காப்பிப் பழம் பறிக்கும் பருவமும், மூடுபனியும், கிறிஸ்துமஸ் பண்டிகையும் ஒன்றாக வந்து சேரும் அந்த மாதத்தில், பெரிய வான்கோழி ஒன்றை முழுதாகப் புகையில் பக்குவம் செய்து விருந்தினருக்குப் படைக்க வேண்டும் என்னும் ஆசை அண்மைக் காலத்தில் நம்மவர் சிலருக்கும் உண்டாகியிருக்கிறது. அதற்கென்று எந்தப் புகையடுப்பை வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன்னால், ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் பழைய அடுப்புகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். புகையில் பதம் செய்வது ஒரு வித்தை. மூடிய உஷ்ணத்தில் நிதானமாக வேகவைப்பது மற்றொரு வித்தை. முன்னது அந்த மலையின் பூர்வகுடிகளுடைய வீட்டிலும், பின்னது காப்பித் தோட்டத்துரைகளுடைய குசினியிலும் வளர்ந்தன. இன்று புகையடுப்பு என்று நாம் விலை கொடுத்து வாங்கும் சாதனம் இவ்விரண்டின் சேர்க்கையே அன்றி வேறன்று.

மலையாளிகள் என்று வழங்கப்படும் சேர்வராயன் மலைவாசிகள் கேரள தேசத்தவர் அல்லர், தமிழே பேசுகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று சகோதரர்களுடைய சந்ததியார் தாங்கள் என்பது அவர்களுடைய பரம்பரைக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டில் 7 தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். சாமையும் கேழ்வரகும் தினையும் விளைவித்து, புல் வேய்ந்த வீடுகளில் வாழ்ந்த அந்த ஜனங்களுக்குப் புகைபோக்கி என்ற ஒன்று தேவைப்படவே இல்லை. அடுப்பிலிருந்து எழுந்த புகை பரணைத் தழுவி, கூரைப் புல்லின் ஊடே கசிந்து வெளியேறியது. போகிற வழியில் புல்லை உலர்த்திற்று. விதைத் தானியத்தில் வண்டு விழாமல் காத்தது. மூங்கிலைச் செல் அரிக்காமல் பாதுகாத்தது. புகை சூழ்ந்த வீட்டைக் கண்டு முகம் சுளித்த வெளியூர்க்காரர்கள், ஆண்டில் பல மாதங்கள் ஈரம் காயாத ஒரு மலையில் வீட்டையும் விதையையும் காப்பாற்றிக் கொடுத்தது அந்தப் புகைதான் என்பதை யோசித்துப் பார்க்கவில்லை.

தானியத்துக்கு உதவிய புகை இறைச்சிக்கும் உதவியது. சமவெளியில் உப்புக்கண்டம் போடுகிறவர்கள் இறைச்சியை விரற்கடை அகலத்தில் நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, நூலில் கோத்து வெயிலில் கொடி கட்டுவார்கள். வெயில் முகம் காட்டாத நாட்களில் அந்தக் கொடி அடுப்பிற்கு மேலே வந்துவிடும். மூன்றாம் நாள் பார்த்தால் கண்டத்தின் மேற்புறம் தோல் போல இறுகி, செம்பழுப்பு நிறம் ஏறி, தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டாமல் இருக்கும். அந்தப் பதம் வந்த பிறகே அதை இறக்குவார்கள். பொங்கலை ஒட்டி வேட்டைக்குப் புறப்படும் வழக்கம் சேர்வராயன் மலையாளிகளிடம் இருந்ததாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பரணும் புகையும் அதன் பின்னரும் நீடித்தன.

ஊனைத் தீயிலும் வெயிலிலும் பதம் செய்யும் வித்தை எவ்வளவு பழமையானது என்பதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலனுடைய விருந்தை உண்ட பொருநன், செம்மறியின் வெந்த தொடைக் கறியையும், இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியையும் பற்றிச் சொல்லும்போது, சூடு பொறுக்காமல் துண்டை வாயின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு மாற்றி மாற்றித் தின்றதையும் மறவாமல் சொல்லுகிறான். உலர்த்திய இறைச்சியைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகிறது. கடலுக்கு அப்பால் இலங்கையில் வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதில் இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்து வைப்பதை, அந்தத் தீவில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சிறையிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எழுதினார். மாலத்தீவில் மீனைத் துண்டமிட்டுச் சிறிது வேகவைத்து, ஓலைக் கூடைகளில் வைத்துப் புகையூட்டுவதை 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா கண்டார். தூத்துக்குடிக் கடைத்தெருவில் கட்டையைப் போல் இறுகி விற்கும் மாசிக் கருவாடு அந்த மரபின் வாரிசுதான். ஊனைக் காக்க வெறும் புகை மட்டும் போதாது, உப்பு, உலர்த்தல், தேன் போன்ற ஏதேனும் ஒன்றின் துணையும் வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று வான்கோழியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் ஓர் இரவு முழுவதும் உப்பு நீரில் ஊறவைத்து, பிறகு ஈரம் துடைத்துக் குளிர்ச்சியான இடத்தில் காயவிட வேண்டும் என்று சொல்லுகிறார்களே, அதுவும் இந்த ஞானத்தின் தொடர்ச்சியே ஆகும்.

சேலம் ஜில்லாவில் 1820 முதல் 1829 வரையில் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பிச் செடியை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து கிரேஞ்ச் தோட்டத்தில் பயிரிட்ட நாளிலிருந்து, மலையில் வேறு விதமான அடுப்புகள் தோன்றலாயின. காப்பியோடு ஆரஞ்சும் பேரிக்காயும் வந்தன, துரைகள் வந்தனர், பங்களாக்களும் தேவாலயங்களும் எழுந்தன. மதராஸ் ரயில் பாதை 1861ஆம் ஆண்டில் சேலத்தை எட்டிய பிறகு, பட்டணத்துச் சரக்குகள் சூரமங்கலம் ஸ்டேஷனில் இறங்கின. ஆயினும் வண்டிச்சாலை அமையும் வரையில் அவை மட்டக்குதிரைகளின் முதுகிலும் கூலியாட்களின் தலையிலுமே 5,000 அடி உயரத்துக்கு ஏறவேண்டியிருந்தது. இன்று 20 கொண்டை ஊசி வளைவுகளில் மோட்டாரில் உட்கார்ந்தபடி ஏறுகிற நாம், பங்களாவின் கிறிஸ்துமஸ் மேஜையில் இருந்த ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவருடைய கழுத்து நோக வந்ததென்பதை நினைத்துப் பார்ப்பது தகும்.

மேஜையின் நடுவே வைக்கப்பட்ட வான்கோழியின் பிரயாணமோ அதைவிட நீண்டது. மெக்ஸிகோ தேசத்தில் மனிதர் பழக்கிய அந்தப் பறவையை ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். 1612ஆம் ஆண்டில் முகலாய அரசின் அதிகாரி முகரப் கான் கோவாவிலிருந்து வாங்கி வந்த அபூர்வப் பிராணிகளில் அதைக் கண்டு வியந்த ஜஹாங்கீர் பாதுஷா, தம் நினைவுக் குறிப்பில் அதை வருணித்ததோடு, சித்திரம் தீட்டவும் ஆணையிட்டார். ஓவியர் மன்சூர் வரைந்த வான்கோழி இன்றும் கலைஞர்கள் போற்றும் படம். கோபம் கொண்டபோது தலையும் கழுத்தும் நிறம் மாறுவதைப் பாதுஷா நுட்பமாகக் கவனித்திருக்கிறார். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு உரிய பறவையாக அது நிலைபெற்ற பின்பு, அந்தச் சம்பிரதாயம் துரைகளோடு நம் மலைகளுக்கும் ஏறி வந்தது. ஆனால் அவர்கள் அதைப் புகையூட்டவில்லை, கனலில் வாட்டினார்கள். புகையூட்டிய பன்றித்தொடை கப்பலில் வந்தது. வான்கோழி குசினியில் வெந்தது.

அந்தக் குசினியைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மதராஸ் ராணுவத்தில் அதிகாரியாக இருந்த கென்னி ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878ஆம் ஆண்டில் வெளியிட்ட சமையல் நூலில், ஆங்கிலேயர் வீட்டுச் சமையலறைகள் பங்களாவுக்குத் தொலைவில், வெளிச்சமும் ஒழுங்கும் இன்றிக் கிடப்பதைக் குறித்து ஓர் அதிகாரமே எழுதி, எஜமானர்களையே கண்டித்தார். அவர் நூலில் சமையற்காரர்கள் எல்லோருக்கும் 'ராமசாமி' என்ற ஒரே பெயர்தான். அந்தப் பொதுப்பெயருக்குள் மறைந்துபோன தமிழ்ச் சமையற்காரர்களின் திறமை சாமானியமானதல்ல. இரும்பு அடுப்பு இல்லாத இடத்தில், அடி கனத்த பாத்திரத்தில் பறவையை வைத்து, தட்டையான மூடியால் மூடி, கீழே கொஞ்சமும் மூடியின் மேல் அதிகமுமாகக் கனலைப் பரப்பி, மேலும் கீழும் ஒரே சீராக உஷ்ணம் பாயும்படி அவர்கள் செய்தார்கள். உஷ்ணமானி கிடையாது, மூடிக்கு மேலே கையை நீட்டி, எத்தனை எண்ணும் வரையில் பொறுக்க முடிகிறதென்று பார்ப்பதே அளவு. கனல் சாம்பல் பூத்ததும் ஒதுக்கிவிட்டுப் புதுக் கனல் போடவேண்டும். தாமதித்தால் நடுவில் வேகாது, அவசரப்பட்டால் மேலே கருகும். மலை உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடுவதால், சமவெளியின் கணக்குப்படி கறியை வேகவைத்தவன் ஏற்காட்டில் ஏமாந்து போவான். மூடிய பாத்திரத்தின் உலர்ந்த சூட்டுக்கோ அந்த இடையூறு அதிகம் இல்லை. பெரிய பறவையை அவித்துச் சமைப்பதைவிட வாட்டிச் சமைப்பதே மலையில் நம்பகமான வழி என்பதற்கு இது ஒரு காரணம்.

வான்கோழியை முழுதாகப் புகையிலேயே வேகவைக்கும் வழக்கம் அமெரிக்காவில் பிரபலமாயிற்று. கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகள் கம்புப் பரண் கட்டி, அதன் கீழே தீ மூட்டி மீனையும் இறைச்சியையும் பதம் செய்ததை ஸ்பானியர் கண்டார்கள். நம் மலைவாசியின் பரணுக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிப்பது. இரும்புப் பீப்பாய்களும், அனலறை தனியாக ஒட்டிய நீண்ட அடுப்புகளும் பின்னர் வந்தன. சிகாகோ நகரத்துக்கு அருகே வெபர் சகோதரர்களின் உலோகத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952ஆம் ஆண்டில், கடலில் மிதக்கவிடும் உலோக மிதவையை இரண்டாகப் பிளந்து மூடியுள்ள உருண்டை அடுப்பைச் செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் அந்நாட்டு மண் அடுப்பைக் கொண்டுபோக, அது முட்டை வடிவச் சுட்டமண் அடுப்பாக மாறிற்று. இவை எல்லாவற்றிலும் நாம் காண்பது, மேலும் கீழும் சூழ்ந்த உஷ்ணம் என்ற குசினிக்காரருடைய யுக்தியும், பரண் புகை என்ற மலைவாசியின் யுக்தியும்தான்.

ஆகையால் அடுப்பைத் தேர்ந்தெடுக்கிறவர் அதன் பளபளப்பையும் பொத்தான்களையும் பார்ப்பதைவிட, இந்த இரண்டு காரியங்களையும் அது நாள் முழுவதும் செய்யுமா என்று பார்க்கவேண்டும். 6 கிலோ எடையுள்ள வான்கோழி, 110 முதல் 120 டிகிரி வரையில் உள்ள சூட்டில் வேக 6, 7 மணி நேரம் பிடிக்கும்; தொடையின் உள்ளே எலும்பில் படாமல் செருகிய உஷ்ணமானி 74 டிகிரி காட்டினால் அன்றி அதைப் பரிமாறக் கூடாது. 8, 9 கிலோப் பறவையை முழுதாக வைத்தால், கிருமிகள் பெருகுவதற்கு ஏற்ற இளஞ்சூட்டிலேயே அதன் உட்புறம் நெடுநேரம் கிடந்துவிடும். பெரிய பறவைதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் முதுகெலும்பை எடுத்துவிட்டு விரித்து வைக்கவேண்டும். வயிற்றுக்குள் எதையும் திணிப்பது ஆகாது. பறவையைச் சுற்றி நான்கு புறமும் ஒரு சாண் அளவாவது புகை ஓட இடமில்லாத அடுப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கத் தக்கதல்ல.

ஏற்காட்டு டிசம்பர் மாதத்துக்கு மெல்லிய தகரத்தால் செய்த அடுப்பு உதவாது. வடகிழக்குக் காற்று ஒரு முறை வீசினால் அதன் சூடு இறங்கிவிடும். மீண்டும் விறகு போட்டால் அளவுக்கு மீறி ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில் மார்புக் கறி வறண்டு போகும். கனத்த இரும்போ, சுட்டமண்ணோ, செங்கல்லோ உள்ள அடுப்பே உஷ்ணத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும். மின்சார அடுப்பு சூட்டைச் சீராக வைத்திருக்கும். ஆயினும் உண்மையான விறகு எரிந்து உண்டாகும் வாசனையை அது முழுதாகத் தருவதில்லை. மேலும் மலைக்காற்று சமவெளியைவிட இலேசானது. கனல் மந்தமாகவே எரியும். காற்று நுழையும் துவாரத்தைத் தாராளமாகத் திறந்து மூட வசதி இருக்கிறதா என்பதை அவசியம் பரிசோதிக்க வேண்டும்.

விறகின் விஷயத்தில் சேர்வராயன் மலை பாக்கியசாலி. கவாத்துச் செய்து வெட்டிய காப்பிக் கட்டை கெட்டியானது, நின்று எரிவது; பழைய கொய்யாவும் ஆரஞ்சும் மெல்லிய இனிய புகை தருவன. யூகலிப்டஸ், சைப்ரஸ் போன்ற எண்ணெயும் பிசினும் உள்ள மரங்களை அருகே கொண்டுவரலாகாது. கறியில் கசப்பு ஏறும். எந்த மரமானாலும் ஓராண்டாவது மழை படாமல் உலர்ந்திருக்க வேண்டும். ஈர விறகு கக்கும் வெண்புகை பறவையின் தோலில் கரியாய்ப் படியும். நன்றாக உலர்ந்த கட்டை தெளிவாக எரியும்போது, புகைபோக்கியின் வாயில் கண்ணுக்குப் பட்டும் படாததுமாக நீலம் பூத்த ஒரு சலனம் மட்டும் தெரியும். அதைக் கண்ட பிறகே பறவையை உள்ளே வைக்கவேண்டும்.

என்னைக் கேட்டால், ஏற்காட்டில் நிலையாகக் குடியிருப்பவர்கள் வெளிதேசத்து அடுப்புக்குப் பணம் செலவிடாமல், ஊர்க் கொத்தனாரைக் கொண்டு சமையலறையின் தென்மேற்கு மூலையில், காற்றுக்கு மறைவாக, செங்கல்லும் களிமண்ணும் சேர்த்து ஓர் அறை கட்டிக்கொள்வதே உத்தமம் என்பேன். ஆள் மார்பளவு உயரம் போதும். அனல் எரியும் குழி பக்கவாட்டில் தனியாக இருக்க வேண்டும். அங்கிருந்து இரண்டு முழ நீளமுள்ள மூடிய வாய்க்கால் வழியாகப் புகை அறைக்குள் நுழைந்து, பறவையைச் சுற்றி, மேலே உயர்ந்த புகைபோக்கி வழியாக வெளியேற வேண்டும். கட்டி முடித்தவுடன் அதில் சமைக்காமல், ஒரு வாரம் தினமும் சிறு தீ மூட்டி ஈரத்தைப் போக்கிவிட்டு, பண்டிகைக்குப் பதினைந்து நாள் முன்னதாக ஒரு சாதாரணக் கோழியை வைத்துப் பார்த்து, எந்த மூலையில் சூடு அதிகம், எத்தனை கட்டைக்கு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று தெரிந்துகொண்டால், வான்கோழியை உள்ளே வைக்கும் நாளில் கவலைப்பட வேண்டியிராது.