யப்பானிய இராணுவ வாள்: இனங்காணலும் பெறுமதியும்

சிவனொளிபாத மலையின் அடிவாரத்திலே, மஸ்கெலியாவிலிருந்து ஏறிவரும் பாதை யாத்திரிகரின் படிக்கட்டாக மாறும் இடத்தில் நல்லதண்ணி அமைந்துள்ளது. இரண்டாம் உலகப் போரின் வரலாற்றை எழுதுவோர் இவ்வூரை நினைப்பதில்லை. 1942 ஏப்பிரில் 5ஆம் திகதி கொழும்பின்மீதும் 9ஆம் திகதி திருகோணமலைமீதும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மலைத்தோட்டங்களை எட்டியது குண்டன்று, பசியே. பர்மா யப்பானியர் வசமானதும் அந்நாட்டு அரிசி வருவது நின்றது, பங்கீடு இறுகியது.

இத்தகைய ஊரொன்றில், பழைய துரை பங்களாவின் களஞ்சியத்திலோ லயத்துப் பரணிலோ யப்பானிய வாளொன்று கிடைக்குமாயின் அதனை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு மதிப்பிடுவது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். வினா கற்பனைபோலத் தோன்றலாம். ஆனால் தோட்டத்துரைமாருள் ஒரு சாரார் படையிற் சேர்ந்து கீழைப் போர்முனைகளிற் பணியாற்றியவர்கள். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது எஞ்சியிருந்த வெள்ளைத் துரைமாரும் வெளியேறினர். பங்களாக்களில் விடப்பட்டவை எவ்வெவர் கைக்குச் சென்றன என்பதற்கு முறையான பதிவு எதுவும் வைக்கப்படவில்லை.

இவ்வாள்கள் வெற்றிபெற்றோர் கைக்கு வந்த வரலாற்றில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. 1944 ஏப்பிரிலில் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைப் பூந்தோட்டத்திலேதான் அதன் அலுவலகங்கள் இயங்கின. 1945 ஓகத்தில் யப்பான் பணிந்தபோது, வாளை ஒப்படைக்கும் பழைய சடங்கு வேண்டியதில்லை என்பது அமெரிக்கத் தளபதி மக்காதரின் கருத்து. கண்டியிலிருந்த மவுண்ட்பேற்றன் பிரபு இதற்கு உடன்படவில்லை. யப்பானிய அதிகாரி தன் வாளைத் தன் கையாலேயே தரவேண்டும் எனவும், தோல்வி கண்ணாற் காணப்பட வேண்டும் எனவும் அவர் கருதினார். செப்டெம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் நடந்த சரணடைவில், நோயுற்றிருந்த தெரவுச்சிக்குப் பதிலாக இத்தகாகி கையொப்பமிட்டார். எனினும் தெரவுச்சி விடப்படவில்லை. நவம்பர் 30ஆம் திகதி சைகோனில் அவர் தம் இரு வாள்களையும் மவுண்ட்பேற்றனிடம் கையளித்தார். அவற்றுட் குறுவாள் ஆறாம் ஜோர்ஜ் மன்னருக்கு அளிக்கப்பட்டு வின்ட்சர் மாளிகையைச் சேர்ந்தது. சாதாரண அதிகாரிகளின் வாள்களோ ஆயிரக்கணக்கில் பிரித்தானிய, இந்தியப் படை அதிகாரிகளுக்கு நினைவுப் பொருள்களாகப் பங்கிடப்பட்டன.

இனி இனங்காணலுக்கு வருவோம். யப்பானிய வாள் என்றதும் ‘சாமுராய் வாள்’ என்று சொல்லிவிடுவது பெருவழக்கு. பெரும்பாலும் அது தவறு. 1876ஆம் ஆண்டின் ஆணை சாமுராய்கள் வாள் தரிப்பதைத் தடைசெய்தது. புதிய இராணுவம் ஐரோப்பியப் பாணி வாளையே ஏந்தியது. இராணுவவாதம் தலைதூக்கிய முப்பதுகளிலேதான் பழைய வடிவம் மீட்கப்பட்டது. 1934இல் வகுக்கப்பட்ட அதிகாரி வாளின் உறையில் தொங்கவிடும் வளையங்கள் இரண்டு. 1938இன் வகையில் அது ஒன்றாயிற்று. கடற்படைக்குரிய வகை 1937இல் வந்தது. இவையனைத்தும் பழைமை என்னும் போர்வை தரித்த நவீன உற்பத்திகளே. பழம்பெருமையைத் தொழிற்சாலையில் வார்த்தெடுப்பது யப்பானுக்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கு இடைக்குறிப்பாகச் சொல்லி வைக்கலாம்.

1935இல் கீழ்நிலை அதிகாரிகளுக்கென வகுக்கப்பட்ட வாள் தனிக் கவனத்துக்குரியது. அதன் அலகு முற்றிலும் இயந்திரத்தாற் செய்யப்பட்டது. அதிகாரி வாளின் கைப்பிடி திருக்கைமீன் தோல் போர்த்து நாடா சுற்றப்பட்டிருக்கும். இதிலோ அந்நாடாவின் உருவம் உலோகத்தில் வார்க்கப்பட்டு வண்ணம் பூசப்பட்டது. அலகில் இலக்கமொன்று பொறிக்கப்பட்டிருக்கும். உறையிலும் அதே இலக்கம் காணப்படல் வேண்டும். போரின் இறுதிக்காலத்தில் உலோகம் அருகியதால் மரக் கைப்பிடிகள் தோன்றின. ஒரு பேரரசு வற்றிவருவதை அதன் வாட்பிடியிலேயே படிக்கலாம்.

அதிகாரி வாளாயின் மெய்யான சான்று கைப்பிடிக்குள் மறைந்துள்ளது. மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினால் அலகின் அடிப்பகுதி வெளிப்படும். யப்பானியர் இதனை நக்காகோ என்பர். கொல்லனின் பெயர், ஊர், சிலவேளை ஆண்டு ஆகியன இதில் வெட்டப்பட்டிருக்கும். ‘ஷோவா 18’ என்றிருப்பின் 1925ஐக் கூட்டி 1943 எனக் கொள்ளல் வேண்டும். சிறு முத்திரைகளையும் நோக்குதல் அவசியம். ‘ஷோவா’, ‘செக்கி’ என்னும் முத்திரைகள் பெரும்பாலும் மரபுவழிப்படாத அலகைக் குறிப்பன. செக்கி நகரப் பட்டறைகளில் இத்தகைய அலகுகள் பெருவாரியாகச் செய்யப்பட்டன. ஆலை உருக்கை எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்குவதே வழக்கம். நட்சத்திர முத்திரையோ இராணுவம் அங்கீகரித்த கொல்லர் மரபு உருக்கை மடித்தடித்து, நீரில் தோய்த்துச் செய்த அலகுக்குரியது. டோக்கியோவின் யசுக்குனி ஆலயப் பட்டறையில் 1933 முதல் 1945 வரை ஏறத்தாழ 8,100 வாள்கள் மரபு முறையில் உருவாயின. இன்னொரு வகையும் உண்டு: குடும்பத்திலிருந்த பழைய அலகை இராணுவப் பிடியிலும் உறையிலும் பொருத்திக்கொண்டு போருக்குச் சென்ற அதிகாரிகள். ஆதலால் மலிவான உறைக்குள் நானூறு ஆண்டுப் பழைய அலகு இருத்தல் கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடிப்பகுதியின் துருவை எக்காரணங்கொண்டும் தேய்த்தல் ஆகாது. கவ்வாத்துக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிப் பழகிய கைக்குத் துரு என்பது பகை. ஆனால் இவ்விடத்தில் அத்துருவின் நிறமே காலத்தைக் காட்டும் சான்று. தேய்த்தால் பெறுமதியும் சான்றும் ஒருங்கே அழியும். போலிகளும் மலிந்துள்ளன. கீழ்நிலை அதிகாரி வாளின் போலிகளே மிகுதி.

பெறுமதி யாது? சந்தையின் விடை தெளிவானது. பெயர்பெற்ற கொல்லனின் கையொப்பம், மரபுவழி உருக்கு, பழுதற்ற அலகு என்பன உச்சத்தில். இலக்கமிட்ட இயந்திர வாள் அடியில். 1948இல் நிறுவப்பட்ட யப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் மரபுவழிப்பட்ட அலகுகளுக்கே சான்றிதழ் வழங்குகிறது. யப்பானிய சட்டமும் கலைப்பெறுமதியுடைய வாளையே பதிவு செய்ய இடமளிப்பதால், ஆலை உருக்கு வாளை அங்கு வைத்திருத்தல் இயலாது. கொல்லனின் கைத்திறனை அளப்பதற்கு இவ்வளவுகோல் பொருத்தமானதே. வரலாற்றை அளப்பதற்கு இது போதாது என்பது எமது கருத்து.

காரணம் மலாயாவில் உள்ளது. நல்லதண்ணி மக்களின் முன்னோரையும் மலாயாவின் இறப்பர்த் தோட்டத் தமிழரின் முன்னோரையும் கங்காணிமார் திரட்டியது ஒரே தமிழ் மாவட்டங்களிலிருந்து. ஒரே ஊரில் அண்ணன் கண்டிச் சீமைக்கும் தம்பி பினாங்குக்கும் போன காலம் அது. யப்பானியர் 1942–43இல் சீயத்தையும் பர்மாவையும் இணைத்து அமைத்த 415 கிலோமீற்றர் இருப்புப்பாதைக்கு அம்மலாயாத் தமிழர் பல்லாயிரவராகக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடப்படுகிறது. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழ்க் கூலிகளின் பெயர்ப்பட்டியல்கூட முழுமையாக இல்லை.

அத்தொழிலாளி கண்ட வாள் தெரவுச்சியின் குடும்ப வாளன்று. தனக்கு மேல் நின்று ஏவிய கீழ்நிலை அதிகாரியின் இடுப்பில் தொங்கிய வாளையே அவன் கண்டான். சந்தை அடியில் வைக்கும் இலக்கமிட்ட வாளே தமிழ்த் தொழிலாளர் வரலாற்றுக்கு மிக நெருங்கியது. மேலும் அவ்விலக்கம் ஒரு முகவரி போன்றது. எந்தப் படைக்கலச் சாலையின் முத்திரையுடன் அது வந்தது என்பதையேனும் அறியலாம்.

ஆயினும், எவ்வகை வாளாயினும், அது எங்கிருந்து எவர் கைவழியாக வந்தது என்ற செய்தி இல்லையேல் இத்தொடர்பை நிறுவ முடியாது. கொழும்பு வணிகனின் கைக்குச் சென்றபின் வாள் அழிவதில்லை, அச்செய்தியே அழியும். எனவே கண்டெடுத்தவர் முதலிற் செய்யவேண்டியது விலை கேட்பதன்று. பிடியைக் கழற்றி அடிப்பகுதியின் இரு பக்கங்களையும் படம்பிடித்தல், இலக்கங்களையும் முத்திரைகளையும் பார்த்தவாறே வரைந்து கொள்ளுதல், அலகுக்கு மட்டும் மெல்லிய எண்ணெய் பூசுதல் ஆகியன போதும். அதன்பின் வீட்டிலுள்ள மூத்தவரை இருத்தி, அவ்வாள் எந்தத் துரையின் காலத்தில், எந்தப் பங்களாவிலிருந்து வந்தது என்று அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதி, நாளிட்டு, வாளோடு சேர்த்துக் கட்டி வைத்தல் வேண்டும்.