கழுத்தடி எலும்பும் மருத்துவத் தமிழும்

உடம்பைக் கீறாது அதன் உள்ளே உள்ளதைக் காணும் வழி 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் நாள் ஜெர்மனியிலே பிறந்தது. வூர்ஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் றொன்ட்ஜன் அன்று எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்னரே, மனித உடம்பின் எலும்புகளைத் தமிழில் வகுத்துரைத்த நூலொன்று யாழ்ப்பாணத்தார் கைக்குக் கிடைத்துவிட்டது. இவ்விரு செய்திகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், கதிர்ப்படம் எடுத்தற்கு எந்திரம் மட்டும் போதாது என்னும் உண்மை புலப்படும்.

1872இல் வெளிவந்த அந்நூலின் பெயர் 'மனுஷ அங்காதிபாதம்'. கிறே என்னும் ஆங்கில வைத்தியரின் உடற்கூற்று நூலே அவ்வாறு தமிழாயிற்று. அப்பணிக்கு முதல்வராய் நின்றவர் அமெரிக்க மிசனைச் சார்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மறு ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டு வைத்தியஞ் செய்தார், மாணாக்கரையும் பயிற்றினார். ஆங்கிலத்தில் மருத்துவங் கற்றோர் உத்தியோகம் நாடிப் பிறவூர் செல்வர், தமிழிற் கற்றோர் தம் ஊரிலே தங்கி ஊரவர்க்கு உதவுவர் என்பது அவர் துணிபு. ஆதலின் 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். 1873இல் அவர் தாயகம் திரும்பினார். மானிப்பாயிலுள்ள வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி, எலும்பை நோக்குவோம். கழுத்தில் 7 முள்ளென்புகளும், அவற்றின் கீழே நெஞ்சுப் பகுதியில் 12 முள்ளென்புகளும் உள. கழுத்தின் ஏழாவது எலும்பும் நெஞ்சின் முதல் எலும்பும் கூடும் இடமே கழுத்தடி. பக்கவாட்டிற் படம் எடுக்கும்போது இரு தோள்களும் அவ்விடத்தை மறைத்து நிற்கும். தோளின் தசையும் எலும்பும் கதிரைத் தடுத்தலால், படத்தில் அப்பகுதி வெறும் வெண்மையாகவே தோன்றும்.

இதற்குக் கண்ட உபாயம் எளியது. நோயாளியின் ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, மறு கையை உடலோடு ஒட்டக் கீழே இறக்குவர். ஒரு தோள் மேலேறும், மற்றது கீழிறங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலே மறைந்த எலும்புகள் தெரியவரும். தண்ணீரில் நீந்துவோன் ஒரு கையை முன்னே வீசும் தோற்றத்தை ஒத்தலின், மேனாட்டார் இதனை நீந்துவோன் நிலை என்பர். மான்செஸ்டர் நகரத்துக் கதிரியல் வைத்தியர் ட்வைனிங் பெயராலும் இது வழங்கும்.

இவ்வளவு முயற்சி எதற்கு என வினவலாம். பனை நிறைந்த நம் குடாநாட்டிலே சீவல் தொழிலாளர் மரத்திலிருந்து தவறி வீழ்வது புதிதன்று. அவ்வாறு வீழ்ந்தவரின் கழுத்தடியில் முறிவு இருந்து, அது படத்தில் விழாது போயின், எலும்பு நன்றாக உள்ளதெனப் பிழையாகக் கொள்ள நேரும். பின்னர் எலும்பு பெயர்ந்து முண்ணாணை நெரிக்குமாயின் கையுங் காலும் செயலற்றுப் போகலாம். ஆதலின், நெஞ்சின் முதல் எலும்பின் மேல்விளிம்பு தெரியாத கழுத்துப் படம் முற்றுப்பெறாத படம் என்பது கதிரியலாரின் விதி. முறிவு ஐயுறப்படுமிடத்துக் கழுத்தை அசைத்தலோ கையை வலிந்து உயர்த்தலோ தகாது. அந்நிலையை வைத்தியர் ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

1971இல் இலண்டனிலே ஹவுன்ஸ்பீல்ட் ஆக்கிய கருவியால் முதல் நோயாளியின் மூளை குறுக்குவெட்டாகப் படமாக்கப்பட்டது. அம்முறை வளர்ந்து இன்று கழுத்தடியையும் தெளிவுறக் காட்டுகின்றது. பலத்த காயமுற்றோர்க்கு அதுவே முதன்மையாகக் கொள்ளப்படுகின்றது. ஆயினும், அக்கருவி இல்லாத இடங்களிற் பழைய நிலையே இன்றும் கைகொடுக்கின்றது.

எம்முறையாயினும் நோயாளியின் ஒத்துழைப்பின்றிப் படம் செம்மையுறாது. "அசையாதிருங்கள், மூச்சை அடக்குங்கள், தோளைத் தளர விடுங்கள்" என்னும் சொற்கள் அவருக்கு விளங்குதல் வேண்டும். 1978இல் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றது. உலக அறிவோடு ஒத்தியங்க அது வேண்டுவதே. எனினும், வலியால் துடிப்பவன் முன் நிற்கும்போது கற்றதைத் தமிழிற் சொல்லவல்ல திறமும் உடன் வேண்டும். மானிப்பாயிலே கிறீன் தேடிய செல்வம் அதுவே. அதனைப் பேணுதல் இன்று மருத்துவங் கற்கும் நம் மாணவர்தம் கடன்.