"இவன் என்ன ஆளு?": ரசிகர் கூட்டமும் நம் ஆட்டக்காரர்களும்

இறுதி ஆட்டம் நடக்கும் நாட்களில் நாகர்கோவில் பக்கம் எந்த டீக்கடைக்குள் நுழைந்தாலும் ஒரே சத்தம்தான். விக்கெட் விழுந்தால் கூச்சல், கேட்சை விட்டால் வசை. ஓவருக்கு நடுவே விளம்பரம் ஓடும்போது யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "இவன் என்ன ஆளு?" அணிக்குப் புதிதாக வந்த பையனைப் பற்றிய கேள்வி அது. எந்த மாநிலம், எந்த ஊர் என்று சொன்னால் கேட்டவருக்குத் திருப்தி இருக்காது. பெயரின் வாலைப் பிடித்து ஊகம் தொடங்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பி.வி.சிந்து வெள்ளி வென்ற நாட்களில், அவருடைய சாதி என்ன என்று கூகுளில் தேடியவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. டீக்கடையில் கேட்டதைத்தான் நாடே கேட்டது.

நாமும் அந்தக் கேள்விக்குக் காது கொடுத்திருக்கிறோம். ஒளிக்க என்ன இருக்கிறது? அவன் நம்ம ஆளாக இருந்துவிடக் கூடாதா என்ற நப்பாசைதான். ஊர்க்காரர் கேட்பது ஆளை அளந்து வைக்க. நாம் காத்திருப்பது வயிற்றுப் பசி போன்ற ஒன்றுக்காக. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே அணிக்குக் கைதட்டும் இரண்டு ரசிகர்கள் ஒரே ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்பதற்கு நூறு வருடத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறோம்.

முதலில் நேற்று நடந்ததுபோல் இருக்கும் ஒன்று. 2021 டோக்கியோ ஒலிம்பிக். ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். இந்தியா 4-3 என்று வென்றது, காலிறுதிக்குள் போனது. அந்த வருடம் மே மாதம்தான் அவருடைய அப்பா இறந்திருந்தார். பயிற்சி முகாமில் இருந்த மகளால் வீட்டுக்குப் போக முடியவில்லை. இதையெல்லாம் சொல்லிச் சொல்லி நாடு உருகியது, "நம் மகள்" என்றது. ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றார்கள். ஹரித்வார் அருகே ரோஷனாபாத்தில் அவர் வீட்டு வாசலில் அன்றே சாதி இந்து ஆண்கள் வந்து பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்று சாதியைச் சொல்லித் திட்டினார்கள். குடும்பத்தார் கொடுத்த புகார் இது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. ஹாட்ரிக்குக்கும் பட்டாசுக்கும் இடையில் நான்கே நாட்கள்.

அந்த வாசலிலிருந்து 1890களின் புனேவுக்குப் போவோம். பால்வங்கர் பாலு சமார் சாதியில் பிறந்தவர், அப்பா ராணுவத்தில் வேலை பார்த்தவர். பையன் முதலில் பார்சிக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் பிட்ச்சைப் பெருக்கி உருட்டினான். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்குப் போனான். மாதம் 4 ரூபாய் சம்பளம். வலைப்பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து போடுவதும் வேலையில் சேர்ந்தது. ஜே.ஜி.கிரெய்க் என்ற துரை தினமும் சீக்கிரம் வந்து இவனுடைய இடதுகைச் சுழலுக்கு எதிராக ஆடிப் பழகுவார். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. எத்தனையோ ஆயிரம் பந்துகள் போட்டவனின் கையில் மட்டையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. மட்டை எஜமானுக்கு, பந்து வேலைக்காரனுக்கு.

புனே இந்துக்கள் வெள்ளைக்காரர்களை ஜெயிக்க ஆசைப்பட்டபோது சிக்கல் வந்தது. பாலுவை எடுத்தால் ஜெயிக்கலாம். எடுத்தால் தீட்டு. கடைசியில் ஜெயிக்கும் ஆசையே ஜெயித்தது. களத்துக்குள் அவர் தொட்ட அதே பந்தைப் பார்ப்பனர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் அவருக்குப் பந்தலுக்கு வெளியே, தூக்கி எறியும் மண்குவளையில் தேநீர். மதிய சாப்பாடு தனித் தட்டில், தனி இடத்தில். முகம் கழுவத் தண்ணீர் வேண்டுமானால் அதை ஊற்றவும் இன்னொரு தீண்டப்படாதவர்தான் வர வேண்டும். இரட்டைக் குவளையை டீக்கடைச் சமாச்சாரமாக மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

1896-ல் பிளேக் வந்தபின் பாலு பம்பாய்க்குப் போனார். ரயில்வேயில் வேலை, இந்து ஜிம்கானாவில் இடம். தம்பி சிவராமும் அணிக்குள் வந்தார். 1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் பெரிய ஆட்டம். இந்துக்கள் 109 ரன் வித்தியாசத்தில் வென்றார்கள். பாலுவுக்கு 8 விக்கெட். நாடு விடுதலை அடைந்துவிட்டதுபோல் கொண்டாடினார்கள். 'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்' ஏடு இந்த வெற்றியில் சாதியை விட்ட பெருமையைப் பார்த்தது. புனேயில் வெளியே வைத்துத் தேநீர் கொடுத்தவர்களின் இனம் பம்பாயில் அந்தச் சகோதரர்களை உள்ளே வைத்துப் பரிமாறியதே என்ற மகிழ்ச்சி. உள்ளே விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் யார், விக்கெட் எடுத்தவர்களா, விக்கெட்டுக்காகக் கதவைத் திறந்தவர்களா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் நம் ஊர் எப்படி இருந்தது? இன்றைய குமரி மாவட்டம் அன்று தெற்குத் திருவிதாங்கூர். 1893-ல் அய்யங்காளி வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனதே கலகம் என்று எண்ணப்பட்ட அரசு அது. பாலு 8 விக்கெட் எடுத்த மறுவருடம், 1907-ல்தான் அவர் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். சாலையில் நடக்கவே சண்டை போட வேண்டியிருந்த நம் பாட்டன்மார் மைதானத்தைப் பற்றி எங்கே யோசிப்பார்கள்?

1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் ஓர் இந்திய அணி இங்கிலாந்து போனது. பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. அந்தத் தோல்விகளுக்கு நடுவே பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். திரும்பி வந்தவருக்கு பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் பாராட்டு விழா எடுத்தார்கள். வரவேற்பு மடலை எழுதிய இளைஞரின் பெயர் பீமராவ் அம்பேத்கர். நமக்குத் தெரிந்த அம்பேத்கர் கோட்டும் புத்தகமுமாக நிற்பவர். தன் இனத்து ஆட்டக்காரரின் விக்கெட்டுகளை எண்ணிப் பூரித்த ஒரு ரசிகரும் அவருக்குள் இருந்திருக்கிறார் என்பது நமக்குப் பிடித்த செய்தி.

1912-லிருந்து பம்பாயில் நாற்கோணப் போட்டி: ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம். மதத்துக்கு ஓர் அணி. இந்து அணியின் பெரிய ஆயுதம் பாலுதான், தலைவர் மட்டும் எப்போதும் மேல்சாதியில் ஒருவர்தான். 1920-ல் வயதைச் சொல்லிப் பாலுவையே விட்டுவிட்டார்கள். அணித் தலைவராக வேண்டிய தகுதியில் தம்பி விட்டல் இருக்க, தலைமை பார்ப்பனரான தேவ்தருக்குப் போனது. விட்டலும் சிவராமும் விலகினார்கள். சும்மா விலகவில்லை. சாதியின் பெயரால் நடக்கும் அவமதிப்பு இது என்று பத்திரிகையில் அறிக்கை விட்டார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் இரண்டு தலித் விளையாட்டு வீரர்கள் செய்த வேலைநிறுத்தம் அது. இதை எந்தப் பள்ளிப் பாடத்தில் படித்தோம்?

ரசிகர்களிடையே சலசலப்பு கிளம்பியது. ஒத்துழையாமைக் காலம், தீண்டாமை ஒழிப்பைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. கிரிக்கெட் குழுவுக்கு வெட்கம் வந்தது. இறுதி ஆட்டத்துக்குச் சகோதரர்கள் திரும்பினார்கள். பாலு துணைத் தலைவர். அணித் தலைவர் பாய் வேண்டுமென்றே சற்று நேரம் களத்தை விட்டுப் போக, அந்த நேரத்துக்குப் பாலு தலைமை தாங்கினார். கொடுத்ததும் அவ்வளவுதான், அதுவும் கடன் கொடுத்ததுபோல. முழுத் தலைமை 1923-ல் விட்டலுக்கு வந்தது. தேவ்தர் அவருக்குக் கீழே ஆடினார். இந்துக்கள் ஐரோப்பியர்களை வென்றார்கள். ரசிகர்கள் விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இந்தத் தோளைப் பற்றி நாம் நிறைய யோசித்திருக்கிறோம். பம்பாயில் ஒரு தலித்தைச் சாதி இந்துக்கள் தோளில் சுமந்தது 1923-ல். மூன்று வருடம் கழித்து, 1926-ல், நம் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடந்தது. எதற்கு? தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கு. கோயிலுக்குள் நுழைய அல்ல, தெருவில் கால் வைக்க. டாக்டர் எம்பெருமாள் நாயுடு முன்னின்ற அந்தப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கோயில் வாசல் திறக்க 1936 நவம்பர் 12 பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விட்டலைச் சுமந்து கூவிய அதே நாட்டு மக்கள்தான் இங்கே தடுப்பு வைத்துக் காவல் நின்றார்கள். விட்டல் சுசீந்திரம் வந்திருந்தால் தேர் ஓடும் தெருவுக்குள் விட்டிருப்பார்களா?

பாலுவின் பிற்காலம் நமக்குக் கொஞ்சம் கசப்பானது. 1932-ல் தனித்தொகுதி வாதத்தில் அவர் சென்னையின் எம்.சி.ராஜாவோடு சேர்ந்து அம்பேத்கருக்கு எதிர்த் தரப்பில் நின்றார். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் அவரைத்தான் நிறுத்தியது. எங்கள் ஆளை எங்கள் ஆளை வைத்தே அடிக்கும் பழைய வித்தை. பாலு தோற்றார், வித்தியாசம் பெரிதல்ல. அந்தச் சேரிகளில் எத்தனை பேர் சிறுவயதில் பாலுவின் விக்கெட்டுகளைக் கேட்டு வளர்ந்து, வாக்குச்சாவடியில் கை நடுங்க நின்றிருப்பார்கள்! அவரைத் துரோகி என்று எழுதிக் கடந்து போக நமக்கு மனமில்லை. மட்டை தராதவர்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பைப் பெற்ற மனிதர் அவர்களை நம்பத்தானே செய்வார்?

இனி ஓர் அயல்நாட்டுக் கதை. பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். அமெரிக்காவில் அதன் சாம்பியன் தொடருக்கு உலகத் தொடர் என்று பெயர். ஏழு ஆட்டத்தில் நான்கை முதலில் வெல்பவருக்குக் கோப்பை. அறுபது வருடத்துக்குப் பக்கமாக அந்தப் பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவர்களுக்கு இடமில்லை, அவர்களுக்குத் தனி லீக்குகள். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கினார். வந்திருந்த சுமார் 26,000 பேரில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள் என்பார்கள். மற்ற ஊர்களில் ஆட்டம் நடந்தபோதும் தொலைவிலிருந்து ரயில் ஏறி வந்தார்கள்.

அந்த ரசிகர்களைப் பற்றிய ஒரு செய்தி நம்மை உலுக்கியது. கறுப்பினப் பத்திரிகைகளும் தேவாலயங்களும் தம் மக்களுக்குப் புத்தி சொல்லின: குடித்துவிட்டு வராதீர்கள், அளவுக்கு மீறிக் கத்தாதீர்கள், உங்கள் நடத்தையால் அவன் வாய்ப்பைக் கெடுத்துவிடாதீர்கள். எதிரணி மேலாளர் மைதானத்தில் நின்று இனவசை பாடலாம். கைதட்டுபவன் மட்டும் அளந்து கைதட்ட வேண்டும். நம் வீட்டில் அம்மாமார் சொல்வது இதேதான்: "ஊருக்குள்ள போனா சத்தம் காட்டாம வா மக்கா." அந்த வருட உலகத் தொடரில் டாட்ஜர்ஸ் ஏழாவது ஆட்டம் வரை போய் யாங்கீஸிடம் தோற்றது. 1955-ல்தான் கோப்பை. 1972 அக்டோபரில், உலகத் தொடர் மைதானத்தில் ராபின்சனுக்கு மரியாதை செய்தார்கள். பார்வை மங்கிப்போயிருந்த அந்த மனிதர் ஒலிபெருக்கியில் நன்றி சொன்ன கையோடு, அணியை நடத்தும் இடத்தில் ஒரு கறுப்பு முகத்தைப் பார்க்க ஆசை என்றார். ஒன்பது நாளில் இறந்துபோனார். விட்டல் 1920-ல் கேட்டதும் அதைத்தான். பந்து போடுகிறோம், ஓடுகிறோம், தலைமை எங்கே?

பாலுவின் ஊரான பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கியதும் அதே 1972-ல். அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

நம் பக்கத்துக்கு வந்தால், தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்தின் கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடினார், அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையிலிருந்து மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' 2025-ல் வந்தது. முப்பது வருடம் பக்கத்து மாவட்டத்துக்கே சரியாகத் தெரியாமல் இருந்த ஒரு பெயரைச் சினிமா வந்து சொல்ல வேண்டியிருந்தது.

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுவடை முடிந்தால் மாசி, பங்குனியில் வயல்தான் மைதானம். தாள் குத்தும் தரையில் நம் பையன்கள் பிட்ச் வெட்டி ஆடுவார்கள். அந்த வயலில் நட்டதும் அறுத்ததும் அவர்களுடைய பாட்டிமார். வயல் யாருடையதோ அவர் வீட்டுப் பையன் அவுட்டா இல்லையா என்பதில் எப்போதும் தகராறு. டோர்னமென்ட் வைத்தால் சீட்டில் மற்றவர்களுக்கெல்லாம் கிளப்பின் பெயர், நமக்கு மட்டும் "காலனி டீம்". அரசாங்கம் அந்தச் சொல்லை எடுப்பதாக 2025-ல் அறிவித்துவிட்டது. வர்ணனை சொல்லும் மைக்குக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. ஜெயித்தால் "நம்ம ஊர்ப் பசங்க", தோற்றால் "காலனிக்காரனுவ".

சித்திரை வந்து கன்னிப்பூவுக்கு வயலில் தண்ணீர் பாய்ந்ததும் அந்த மைதானமும் போய்விடும். பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டோரத்துக்கு வருவார்கள். ஐபிஎல் இறுதி ஆட்டம் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வருகிறது.